பிளாட்லாக் மெஷினுக்கு நான் வைத்த பொட்டு

போன புதன்கிழமை ஜவ்வாது மலைக்கு இரண்டாம் முறையாகப் போய்வந்தேன். முதல் முறை மாலை போட்டார்கள். இந்த முறை துணி கொடுத்தார்கள். போர்த்திக்கொள்ள அல்ல... துடைக்க!

மலைப் பெண்களுக்காக அங்கே ஒரு தையல் பயிற்சி நிலையம் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன்னால் அதற்கு பிளாட்லாக் மெஷின் ஒன்று வந்தது. அது என்ன என்கிறீர்களா? போட்டிருக்கும் பனியனின் கீழ் ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள் (பக்கத்தில் யாரும் இல்லையென்றால்). மேலே இரண்டு வரி தையல், அடியில் பின்னல். இரண்டு ஊசி, கீழே ஒரு கொக்கி, மொத்தம் மூன்று நூல். துணியை இழுத்தால் தையலும் கூடவே நீளும்.

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. திறப்பு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ரிப்பன் வெட்டினேன். தேங்காய் உடைத்தேன். பெண்கள் முன்னேற்றம் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். தையல் பற்றி எனக்குத் தெரிந்தது, பட்டன் அறுந்தால் மனைவியைக் கூப்பிட வேண்டும் என்பது மட்டும்தான்.

போன வாரம் நிலையத்தைக் கவனிக்கும் ஆபீசரிடமிருந்து கடிதம். மெஷின் சரியாகத் தைக்கவில்லையாம். புதன்கிழமை ஜீப்பில் கீழே இறக்கிவிடப் போகிறார்களாம். பயிற்சியும் அதோடு சரி. 'திறந்துவைத்த தாங்களே ரிப்போர்ட்டில் ஒரு கையெழுத்துப் போட்டால் நன்றாக இருக்கும்.' கல்யாணத்துக்கு வந்த ஐயரே கருமாதிக்கும் வரவேண்டும் என்பது மாதிரி!

போனேன். வாசலில் ஜீப் தயாராக நின்றது. உள்ளே ஆறு பெண்கள் சுவரோரமாக நின்றார்கள். மெஷினைப் பார்த்தேன். விழா அன்று நான் வைத்த பொட்டு அப்படியே இருந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பயிற்சி கொடுக்கும் தையல் மாஸ்டர் ஒரு துணியைத் தைத்துக் காட்டினார். மேலே ஒரு வரி ஒழுங்கு. பக்கத்து வரி தொளதொள. லேசாக இழுத்ததும் பல்லை இளித்தது.

"ஊசியை மாத்தியாச்சு சார். நூலை மாத்தியாச்சு. மேலே நூலை இறுக்கற திருகையும் முழுசா திருகிப் பாத்தாச்சு" என்றார் மாஸ்டர்.

"வோல்டேஜ் பத்தலை" என்றார் ஆபீசர்.

"மலைக் குளிருங்க" என்றார் ஜீப் டிரைவர். அவரும் விடவில்லை.

நான் சும்மா இருப்பேனா? "எண்ணெய் போட்டீர்களா?" என்று கேட்டேன். மெஷின் தெரியாதவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. மாஸ்டர் மரியாதைக்காகப் போட்டார். துணியெல்லாம் எண்ணெய்க் கறை. தையல் அதே லட்சணம்.

ஆபீசர் ரிப்போர்ட்டை நீட்டினார். படித்தேன். 'மலைப்பகுதிப் பெண்களுக்கு நுட்பமான இயந்திரங்களில் கை நிற்பதில்லை.' ஊசி, நூல், வோல்டேஜ், குளிர் எதுவும் சிக்காததால், கடைசியில் சுவரோரம் நின்றவர்கள் சிக்கினார்கள். பேனாவைத் திறந்தேன். ஆமாம், கையெழுத்துப் போடத்தான் திறந்தேன். ஊருக்கு பஸ் மூன்று மணிக்கு.

"சார், ஒரு நிமிசம் இருங்க."

நெல்லிவாசல் நாட்டிலிருந்து (மலையில் பல ஊர் சேர்ந்தால் ஒரு நாடு) வருகிற காளியம்மா. பாதி வழி நடை, மீதி ஜீப். இரண்டு மாதமாக ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை என்று பின்னால் தெரிந்தது.

"இன்னாம்மா?" என்றார் மாஸ்டர், எரிச்சலாக.

"இந்த மூணு நூலையும் கையால இழுத்துப் பாருங்க."

இழுத்தேன். இரண்டு நூல் முரண்டு பிடித்து வந்தது. மூன்றாவது, சும்மா வழுக்கிக்கொண்டு வந்தது.

"திருகை எவ்ளோ திருப்பினாலும் இது இப்டித்தாங்க வருது. அப்ப இன்னா அர்த்தம்? திருகுல இருக்கற ரெண்டு தட்டும் ஒட்டி நூலைப் புடிக்கல. நடுவுல ஏதோ கீது."

"இதை ஏம்மா இத்தனை நாள் சொல்லலை?" என்றார் ஆபீசர்.

"மொத வாரமே சொன்னேங்க. பூஜை போட்ட பொட்டு, திருகை ஓரமா புடிச்சுத் திருப்பலாம், பொட்டை யாரும் தொடக்கூடாதுன்னு மாஸ்டர் சொல்லிட்டாரு."

மாஸ்டர் ஜன்னல் வழியாக மலையை ரசிக்க ஆரம்பித்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. விழா அன்று மெஷினுக்கு நெற்றி எது என்று தேடினேன். மேலே வட்டமாக ஒரு திருகு தெரிந்தது. கட்டை விரல் நிறைய சந்தனத்தை எடுத்து அப்பினேன். போட்டோவுக்கு எடுப்பாகத் தெரியட்டும் என்று இன்னொரு தடவையும் அப்பினேன். அசல் ஜவ்வாது மலைச் சந்தனம். கலப்படம் இல்லை. தட்டுகளுக்கு நடுவே இறங்கி, காய்ந்து, சிமெண்ட் மாதிரி உட்கார்ந்துவிட்டது.

காளியம்மா ஒரு ஈரத்துணியை நீட்டினாள். "நீங்க வெச்ச பொட்டு. நீங்களே தொடச்சிட்டா யாரும் ஒண்ணியும் சொல்ல மாட்டாங்க."

துடைத்தேன். தட்டுகளைக் கழற்றி உள்ளே சுரண்டியது அவள்தான். மறுபடி மாட்டி, நூல் கோத்து, திருகை முன்னிருந்த அளவுக்குத் தளர்த்தி, ஒரு முழம் தைத்து என் கையில் கொடுத்தாள். இழுத்துப் பார்த்தேன். இரண்டு வரியும் ஒழுங்காக நீண்டு, ஒழுங்காகச் சுருங்கின. எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தனத்துக்காக இல்லை, திறந்த பேனாவுக்காக.

ஜீப் காலியாகத்தான் இறங்கியது. ஆபீசர் ரிப்போர்ட்டைக் கிழிப்பார் என்று எதிர்பார்த்தேன். கிழிக்கவில்லை, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். வேறு மலை, வேறு பெண்கள்... எங்கேயாவது உதவுமே!

கிளம்பும்போது காளியம்மா வாசல் வரை வந்தாள். "அடுத்த மாசம் இன்னொரு மெஷின் வருதாம் சார். நீங்கதான் வரணும்."

"நானா?" என்றேன். நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

"ஆமாங்க. பொட்டை மட்டும் செவுத்துல வெச்சிடுங்க."