கேஸ் ஷீட்டில் இல்லாத வீசிங்

அக்காவைப் பிரசவத்துக்குச் சேர்த்தபோது நர்ஸம்மா ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். "சுகர்? பிரஷர்? வீசிங்?" எல்லாவற்றுக்கும் அம்மாதான் பதில் சொன்னாள். "அதெல்லாம் ஒண்ணும் இல்லமா." பக்கத்தில் அக்காவின் மாமியார், சோரியாங்குப்பத்து அத்தை, பையோடு நின்றிருந்தார். பனிக்காலத்தில் அக்காவுக்கு மூச்சு இரைக்கும் என்பதைப் பெண் பார்க்க வந்த நாளிலிருந்தே மறைத்துவந்தோம். பி.ஃபார்ம் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த நானும் வாயைத் திறக்கவில்லை.

வலி எடுக்கவில்லை என்று கர்ப்பவாயில் ஜெல் வைத்தார்கள். அப்போது மட்டும் எனக்கு வாய் ஓயவில்லை. அது புரோஸ்டாகிளாண்டின், நம் உடம்பே சுரப்பதுதான், முதலில் கர்ப்பவாயை இளக்கும், பிறகு கருப்பையை இறுக்கி வலியைக் கொண்டுவரும் என்று அத்தைக்கு விளக்கினேன்.

"இவளையே டாக்டரா வெச்சுக்கலாம் போல. வாய் இன்னா நீளம்," என்றார் அத்தை. அம்மாகூடச் சிரித்தாள்.

மறுநாள் காலை பெண் குழந்தை பிறந்தது. துணைக்கு உள்ளே நான்தான் நின்றேன். நஞ்சுக்கொடி வந்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை. கருப்பை சுருங்காமல் தளர்ந்து கிடந்தது. டிரிப்பில் மருந்து ஏற்றினார்கள், அடிவயிற்றைப் பிடித்துத் தேய்த்தார்கள். அக்கா அரை மயக்கத்தில் இருந்தாள். நர்ஸம்மா ஃபிரிட்ஜிலிருந்து ஊசி மருந்து எடுத்து வந்தார். கார்போபுரோஸ்ட். அதுவும் புரோஸ்டாகிளாண்டின்தான், கருப்பையை இறுக்குவதுபோல மூச்சுக்குழாயையும் இறுக்கிவிடும்.

"வீசிங் இல்லல்ல?" என்றார் டாக்டர்.

"ஷீட்டுல இல்ல டாக்டர்."

கதவு பாதி திறந்திருந்தது. வெளியே அத்தையின் சேலை தெரிந்தது. ஒரு கணம் யோசித்தேன். அந்த ஒரு கணத்துக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"இருக்கு டாக்டர். சின்ன வயசுலேர்ந்து இருக்கு."

டாக்டர் திட்டவில்லை. ஊசியை ஓரம் வைக்கச் சொல்லி, மிசோபுரோஸ்டால் மாத்திரை கேட்டார். அதே குடும்பத்து மருந்து, ஆனால் மூச்சை அப்படி அடைக்காது. ஆசனவாய் வழியாக வைத்தார்கள். வயிற்றின் மேலிருந்த கையை எடுக்காமலே, கொஞ்ச நேரம் கழித்து நர்ஸம்மா சொன்னார்: "கெட்டியாவுது."

வெளியே வந்தேன். அத்தை அம்மாவைப் பார்க்காமல் பேசினார். "சொல்லியிருந்தா நாங்க இன்னா, வேணாம்னா சொல்லியிருப்போம்?"

சொல்லியிருப்பார்கள். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

மதியம் வார்டில் அக்கா கண் விழித்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிட்டே போனேன்.

"அத்தைக்குத் தெரிஞ்சிடுச்சாடி?"

"ம்."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். குழந்தைக்காகக் கை நீட்ட வெகுநேரம் ஆயிற்று.