தையற்காரர் இழுத்த நூல்

என் வீட்டுக்காரரைக் கடைத்தெருவில் 'பிசிறு மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். தைத்து முடித்த சட்டையில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் மனுஷனுக்குச் சோறு இறங்காது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் காலரில் தொங்கும் நூலைக்கூடக் கேட்காமல் கத்தரித்துவிடுவார். எனக்கு மானம் போகும். அந்த வியாதிதான் எங்கள் குடியைக் கெடுத்தது.

ஸ்கூட்டர் சறுக்கி, அவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. எலும்பு டாக்டர் ஆபரேஷன் செய்து, தகடு வைத்து ஸ்குரு முடுக்கினார். மேல் தையலைப் பிரித்து வீட்டுக்கு அனுப்பும்போது, உள் தையல் தானாகக் கரைந்துவிடும், நூல் வெளியே தெரிந்தால் தொடாமல் வந்து காட்டுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னார். யார் கேட்டது?

ஒருநாள் தழும்போரம் நூல் முனை எட்டிப் பார்த்திருக்கிறது. கடையில் பிசிறு வெட்டும் கத்தரியால் பிடித்து இழுத்து நறுக்கிவிட்டார். யாரோ கத்துக்குட்டி தைத்திருக்கிறான் என்று நக்கல் வேறு. நூல் வந்த ஓட்டை மூடவே இல்லை. அதில் நீர் கசிய, துணியைச் சுற்றி மறைத்துக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? வீட்டில் நாற்றம் எடுத்தது. எலி செத்திருக்கும் என்றார். நானும் கட்டிலை நகர்த்தி, மூலைமுடுக்கெல்லாம் தேடினேன்.

குளிர்காய்ச்சலில் அவர் பற்கள் தந்தியடித்த அன்றுதான் அந்தத் துணியை அவிழ்த்தேன். ஓட்டைக்குள் தகடு தெரிந்தது. ஓடிப்போய் ஆட்டோவைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் அவர் என் கையை விடவில்லை.

"என்ன ஆனாலும் கால எடுக்க மட்டும் விடாதடி. அதுக்கப்புறம் நான் மிஷின் முன்னாடி எப்படி உக்காருவேன்?"

விடமாட்டேன் என்றேன்.

தகட்டை எடுத்துவிட்டுச் சுத்தம் செய்கிறேன் என்று உள்ளே போன டாக்டர், சீக்கிரமே வெளியே வந்தார். அவர் முகமே சரியில்லை.

"எலும்பு அழுகிடுச்சும்மா. விஷம் ரத்தத்துல ஏறுது. கால எடுத்தாத்தான் ஆள் பொழைப்பாரு. அவர் மயக்கத்துல இருக்காரு, நீங்கதான் சொல்லணும்."

எலி செத்திருக்கும் என்று சொன்ன மனுஷன்மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாக்காவது, மண்ணாங்கட்டியாவது. எனக்கு ஆள் வேண்டும். எடுத்துவிடச் சொன்னேன்.

அவர் கண் விழித்தபோது, கால் எடுத்த இடம் தெரியாதபடி போர்வை கழுத்துவரை மூடியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கால் கட்டைவிரல் விண்ணுவிண்ணுன்னு வலிக்குதுடி. சொன்ன மாதிரியே காப்பாத்திட்ட."