பழுது என்று எழுதிய வட்டு

பழைய கணினிகளின் பிளொப்பி வட்டுகளை, அவை அழியுமுன் நகலெடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு கோப்பாக்கிப் பெயரிடுவது என் வேலை. வட்டின் மேல் எழுதியிருப்பதே கோப்பின் பெயர். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

வல்வெட்டித்துறையிலிருந்து ஓர் அக்கா, இறந்துபோன தன் அண்ணனின் பன்னிரண்டு வட்டுகளைத் தகரப் பிஸ்கட் ரின்னில் கொண்டுவந்து தந்தார். ‘அட்சரகணிதம்’, ‘கடிதங்கள்’ என்று பதினொன்றுக்குப் பெயரிட்டேன். பன்னிரண்டாவதில் ‘பழுது’ என்றிருந்தது. செருகிக்கூடப் பார்க்காமல் குப்பையோடு எரித்தேன்.

மறுவாரம் வந்தவர் திரையிலிருந்த பெயர்களை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார்.

“தம்பி, பழுதெண்டு எழுதினது எங்கை?”

“பழுதுதானே அக்கா, எரிச்சிட்டன்.”

“ஐயோ, அண்ணை எழுதின கதையள் முழுக்க அதிலைதான். சண்டைக் காலத்திலை சென்றியிலை மறிச்சுச் சோதிக்கிற ஆமி பறிக்கக்கூடாதெண்டு அப்பிடி எழுதினவர். நீரும் அப்ப இஞ்சைதானே இருந்தனீர்?”

இருந்தேன். என் கவிதைகள் இருந்த வட்டிலும் அதே சொல்லை எழுதி ஒட்டித்தான் அதே சென்றிகளைக் கடந்தேன்.

அவர் ஏசவில்லை. மிச்சப் பதினொன்றையும் ரின்னுக்குள் அடுக்கி, மூடியை அழுத்திக்கொண்டு போனார்.

அவருடைய கோப்புகளோடு ‘பழுது’ என்ற பெயரில் நான் பிறகு உண்டாக்கிய ஒரு வெற்றுக் கோப்பும் என்னிடம் இருக்கிறது. அதை அழிக்க எனக்குக் கை வரவில்லை.