வயிற்றுக்குச் சாட்சி

தன் வயிறு சொல்வதை நம்ப ஊரில் ஒருவரும் இல்லை என்பது நாற்பத்தொரு வயதில்தான் வனிதாவுக்குத் தெரிந்தது.

ஊட்டியில் ஒரு விடுதிப் பள்ளியின் சமையல்கட்டில் அவளுக்கு வேலை. விடிந்ததும் போனால் நாலு மணி வரை சப்பாத்தி தேய்க்க வேண்டும். மிஞ்சிய சப்பாத்திதான் வேலைக்காரர்களுக்கு மதியச் சாப்பாடு. வெளிச் சாப்பாடு உள்ளே வரக்கூடாது. பிள்ளைகளுக்கு ஒவ்வாதது ஏதாவது கலந்துவிடுமாம், வாசலிலேயே பையைத் திறந்து பார்ப்பார்கள். சாப்பிட்ட அரைமணியில் அவளுக்கு வயிறு பானையாக உப்பும், தலை கனக்கும். வீட்டுக்குப் போகும் ஏற்றத்தில் மூன்று இடத்தில் உட்காருவாள்.

சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். கோதுமை ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தின்று வளர்ந்தவர்கள். "நம்ம வயித்துக்கு ரொட்டி ஆகாதா? வேலைக்குப் போக உடம்பு வணங்கலைன்னு சொல்லு," என்றான் கணவன் பழனியாண்டி. அடுத்தவர் நோய்க்கெல்லாம் அவனிடம் ஒரே பெயர்தான், சோம்பல். அவன் முதுகுவலி மட்டும் அதில் சேராது.

டாக்டர் ஹன்னா இரத்தம் எடுத்துப் பார்த்தார். கோதுமையால் குடல் கெடும் நோய் ஒன்று உண்டு, அது இல்லை என்று வந்தது. "அந்த நோய் இல்லாமலேயும் சிலருக்குக் கோதுமை ஒத்துக்காதும்மா. அதுக்கு டெஸ்ட் கிடையாது. விட்டுப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்."

"என்னை மாதிரி எத்தன பேருக்கு இருக்கும் டாக்டர்?"

"நூத்துல ஒருத்தருக்குங்கிறாங்க, பத்துப் பேருக்குங்கிறாங்க. சரியா யாருக்கும் தெரியாது. தனக்கு இருக்குன்னு சொல்றவங்கள்ல நிறையப் பேருக்கு வேற காரணமாவும் இருக்கும்."

பள்ளி விடுமுறையில் ஒரு மாதம் சோறும் களியுமாகச் சாப்பிட்டாள். வயிறு அடங்கியது. கடைக்குப் போய் வரும்போதும் ஏற்றத்தில் ஒருநாளும் உட்காரவில்லை. பள்ளி திறந்த மூன்றாம் நாள் எல்லாம் திரும்பி வந்தது.

மெஸ் மேற்பார்வையாளர் கீர்த்திவாசன் கோயம்புத்தூர்க்காரர், மரியாதைக்குக் குறைவைக்காதவர். பிள்ளைகளுக்கு வடிக்கிற சோற்றில் தனக்கும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டாள். "அதுக்கென்னங்க, ஏதாச்சும் பேப்பர் இருந்தாக் கொண்டாங்க," என்றார்.

அவளிடம் இருந்தது ஒரே ஒரு பேப்பர். ஆஸ்பத்திரி முத்திரை குத்தியது, இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்து நீட்டினாள். பாவி மகள், தன் வழக்கைக் கெடுக்கும் சாட்சியைத் தானே கூட்டிப்போனாள்.

"நெகட்டிவ்னு போட்டிருக்குதுங்களே! உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. சந்தோஷமாச் சாப்பிடுங்க."

டாக்டரிடம் கடிதம் வாங்கலாமென்று போனால் அவர் வேறு ஊருக்கு மாறிப் போயிருந்தார். புது டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு கேஸ் மாத்திரை எழுதினார்.

அந்தப் பள்ளியில் கோதுமை ஆகாத பிள்ளைகள் ஆறு பேர். அவர்களுக்குத் தனியாகச் சமைத்ததும் வனிதாதான். சமையல்கட்டுச் சுவரில் ஒட்டியிருந்த அவர்களின் இங்கிலீஷ் காகிதங்களை அலுவலகத்து மனிஷாவிடம் படிக்கச் சொன்னாள். ஒன்றிலும் ரிப்போர்ட் இல்லை. ஆறும் அம்மாமார் எழுதிய கடிதம். என் பிள்ளைக்கு ஒத்துக்கொள்வதில்லை, நான் கவனித்திருக்கிறேன், அவ்வளவுதான். அந்தப் பிள்ளைகள் பொய் சொல்லவில்லை, அவர்கள் வயிறும் வலித்தது. வனிதாவுக்கு அதில் சந்தேகமே இல்லை.

எனக்கும் அம்மா இருக்கிறாளே என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை, சின்னம்மை என்ற தன் அம்மாவை உட்காரவைத்து எழுதி வாங்கினாள். "என் மகள் வனிதாவுக்குக் கோதுமை மா ஒத்துக்கொள்வதில்லை. நான் பார்த்திருக்கிறேன்."

கீர்த்திவாசன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஏனுங்க வனிதா, நீங்க என்ன அஞ்சாங்கிளாஸுங்களா?" கடிதம் அலுவலகம் முழுக்கச் சுற்றி வந்தது.

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. பதினோராம் நாள் அடுப்படியில் மயங்கி விழுந்தாள். "உடம்புக்கு முடியாதவங்கள வேலை வாங்குறது பாவமுங்க. திங்கக்கெழமையிலிருந்து ஊட்டுல நல்லா ரெஸ்ட் எடுங்க," என்றார் கீர்த்திவாசன். நல்ல மனிதர்தான், குரலில் உண்மையாகவே இரக்கம் இருந்தது. அதுதான் வனிதாவுக்குத் தாங்கவில்லை.

கடைசி நாள், புதிதாக வந்த சுசீலாவுக்கு அந்த ஆறு பேர் சமையலைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். சொல்லிக்கொடுத்தாள்.

"ஒரு பொட்டு மாவு படக்கூடாது. கைய நல்லாக் கழுவிட்டுத் தொடு. பட்டா அந்தப் புள்ளைக்கு வயிறு வலிக்கும்."

"வலிக்கும்னு எப்படிக்கா தெரியும்?"

"அந்தப் புள்ள சொல்லுச்சு," என்றாள் வனிதா. "சொன்னா நம்பணும்."