ரஷ்ய அங்கிளுக்கு ஒரு படிவம்

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டுப் பக்கத்து மளிகைக் கடையில் பரோட்டா எடுக்க ஃப்ரீசரைத் திறந்தால், முகத்தில் அடித்த குளிரில் ஈர ரப்பர் வாடை. முன்பு இதே இடத்தில் இருந்த, பனிச்சறுக்கு பழகும் ஐஸ் ரிங்க்கின் வாடை. சனிக்கிழமைக் காலைகளில், ஸ்கேட் காலணிகளின் பிளேடுகள் பனியைக் கீறும் சத்தத்துக்கு நடுவே, பனியைச் சமன்செய்யும் வண்டியைவிட அதிகமாக என் பின்புறத்தால் அந்தத் தரையைத் துடைத்தவன் நான். எங்கள் ஸ்கேட்டிங் வகுப்புக்கு முன் அங்கே தனியாகப் பயிற்சி செய்வார், ரஷ்யாவிலிருந்து வந்து ஊர் அணிக்குக் கோப்பை வாங்கித் தந்த ஹாக்கி வீரர். ஊரே அவரைப் பெயர் சொல்லிக் கூவும். அம்மா வளர்ப்பு, நான் மட்டும் "அங்கிள்" என்பேன். பதிலுக்கு அவர் மட்டையால் பனியில் இரண்டு தட்டுத் தட்டுவார்.

முழங்கால் போனதும் அணி அவரைக் கழற்றிவிட்டது. அடுத்த சனிக்கிழமை வந்தவரிடம், அதுவரை அவர் படத்தைச் சுவரில் மாட்டிக் கூட்டம் சேர்த்த அதே ரிங்க், புதிதாக வருகிறவர்களுக்கான படிவத்தை நீட்டியது. பக்கத்தில் அம்மா கையில் அடுத்த பருவ வகுப்புக்கான என் படிவம். 'ஸ்கேட்டிங் அனுபவம்' என்ற இடத்தில் அந்த மனிதர் 'சுமார்' என்று டிக் அடித்தார்.

"அம்மா, அங்கிள் தப்பா டிக் பண்ணிட்டாரும்மா!"

"சும்மா இருடா. உன் ஃபார்ம்ல நான் 'பிரமாதம்'னு போட்டிருக்கேன். அப்பதான் நல்ல பேட்ச்ல சேர்ப்பாங்க."

நான் பேனாவைப் பிடுங்கி, தாள் கிழிய அவருடைய டிக்கை அடித்துவிட்டு 'பிரமாதம்' என்று திருத்தினேன். அந்த ஆத்திரத்தில் என்னுடையதைத் திருத்த மறந்துவிட்டேன். ஆக, ரிங்க்கை இடிக்கும்வரை அதன் கோப்பில் அவரும் நானும் ஒரே தரம்.