நாற்றம் நின்ற காலை

காய்ச்சல் விட்ட மறுநாள் வாசல் தெளிக்க வெளியே வந்தேன். தெருவில் நாற்றமே இல்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டியது எங்கள் தெரு. டயர் கருகுவது போன்ற ஒரு நெடி விடியும் முன்பே வாசலில் வந்து நிற்கும். குடிவந்த நாளிலிருந்து அதோடுதான் குடித்தனம்.

"அப்பாடா, பொகைய நிறுத்திட்டானுங்க போல" என்று கணவரிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மே சொல்ற? கொமட்டிக்கினு வருது. உனுக்கு நாறலையா?"

உள்ளே ஓடினேன். காப்பித்தூளை முகர்ந்தேன், பூண்டை நசுக்கி முகர்ந்தேன், கடைசியில் பினாயிலையும் திறந்து பார்த்தேன். வெறும் காற்று. இதைப் படிக்கிற உங்களுக்கும் இப்படி ஆகியிருந்தால், அந்த நிமிஷம் மறந்திருக்காது.

சளிதான் என்று சில வாரம் தள்ளினேன். பக்கத்துத் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் எனக்கு பேக்கிங் வேலை. லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பிறகுதான் திருவள்ளூரில் காது மூக்கு தொண்டை டாக்டரம்மாவைப் பார்த்தேன். அனாஸ்மியா (வாசனை உணர்வு இழப்பு) என்றார்.

"மூக்கு அடைக்கல மேடம். காத்து நல்லாதான் போவுது. அப்புறம் ஏன் தெரியல?"

அவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். மூக்கின் உச்சியில் வாசனையை அறியும் செல்கள் இருக்கின்றன. வாசனையைப் பிடிப்பவை அவற்றின் ஏற்பிகள் (வாசனைத் துகளைப் பற்றும் புரதங்கள்). இந்த ஏற்பிகள் செல்லுக்கு உள்ளே தயாராகின்றன. வாசனையோ வெளியே வந்து நிற்கிறது. ஏற்பி செல்லின் மேற்பரப்புக்கு வந்தால்தான் இரண்டும் சந்திக்கும். ஆனால் பெரும்பாலானவற்றுக்குத் தனியாக வரத் தெரியாது. வேறு சில புரதங்கள் துணைக்கு இருந்து மேலே கொண்டுவர வேண்டும். துணை இல்லாவிட்டால் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், செல்லே அவற்றை உடைத்துப் போட்டுவிடும். எங்கள் கம்பெனியிலும் அப்படித்தான். சரக்கு தயாராக இருக்கும், கேட் பாஸ் இல்லாமல் வாசலைத் தாண்டாது.

"அப்போ எனக்கு கேட் பாஸுதான் போச்சா மேடம்?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. காய்ச்சல் கொண்டுவந்த வைரஸ் அந்தச் செல்லைச் சுத்தி இருக்கறதையும் கெடுக்கும், ஏற்பி தயாராகறதையே கொறைக்கும். உங்களுக்கு எதுன்னு பார்க்க எங்ககிட்ட டெஸ்ட் இல்ல. புதுச் செல் வளரும். வாசனை வரலாம், வராமலும் போகலாம்."

பொய் சொல்லாமல் சொன்னாரே என்று பிற்பாடு நன்றியோடு நினைத்ததுண்டு. அன்றைக்குக் கோபம்தான் வந்தது.

கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ் என்று காலையும் மாலையும் முகரும் பயிற்சி கொடுத்தார். மாமியார் தன் பங்குக்குப் பெரியபாளையத்தம்மனிடம் வேண்டிக்கொண்டார். ஆடியில் வேப்பிலை ஆடை கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றினேன். உடம்பெல்லாம் பச்சை வேப்பிலை. ஈரம் சில்லிட்டது, காம்பு குத்தியது, வாசம் மட்டும் இல்லை. அழுதுகொண்டே நடந்தேன். பக்தி என்று நினைத்து ஓர் அம்மாள் என்னைக் கும்பிட்டார்.

அதன்பிறகு வாசனை வந்தது, தப்பாக வந்தது. பரோஸ்மியா (வாசனை திரிந்து தெரிவது). வெங்காயம், காப்பி, சோப்பு எல்லாமே டயர் கருகும் நெடி. தெருவில் காணாமல் போன நாற்றம் என் வீட்டுக்குள் குடியேறிவிட்டது.

சாப்பாடு போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். என் மகள் யாழினி ஒன்றாம் வகுப்பு. ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் தலையிலிருந்தும் அதே நெடி. அவளைத் தள்ளிவிட்டு ஓடிப்போய் வாந்தியெடுத்தேன். திரும்பி வந்தபோது குழந்தை சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

மறுநாளிலிருந்து பள்ளி விட்டதும் தானே தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து எட்ட நின்று கேட்பாள்.

"இப்பவும் நாறுறேனாம்மா?"

"நீ நாறல கண்ணு. அம்மா மூக்குதான் கெட்டுப்போச்சு."

அவள் நம்பவில்லை. என் முகம்தான் காட்டிக்கொடுத்துவிடுகிறதே.

ஆயுத பூஜைக்குத் தொழிற்சாலைகள் நின்றிருந்தன. கணவர் வாசலில் நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். "இன்னிக்கு நாத்தமே இல்ல, பாத்தியா!" என்றார். எனக்கு நாறியது. யாழினி புதுப் பாவாடையில், தலை நிறையப் பூவோடு என் பக்கத்தில் நின்றிருந்தாள்.

முன்பெல்லாம் அவளைத் தூக்கினால் எவ்வளவு நேரம் வைத்திருந்தேன் என்றே தெரியாது. இப்போது அது ஒரு மூச்சளவு. காற்றை இழுத்து உள்ளே அடக்கிக்கொண்டு அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். பூவும் நெற்றியும் என் கன்னத்தில் அழுந்தின. காது அடைத்தது. விட மனசில்லை.

அவளே என் கையை விலக்கினாள்.

"போதும்மா. மூச்சு வுடு" என்று சொல்லிவிட்டு எட்டப் போய் நின்றாள்.