எண்ணெய் விடாத கிண்ணம்

ஊரே கொசுவை அடித்துக்கொண்டிருக்க, எங்கள் ஆய்வகத்தில் ஒருத்தி மட்டும் பிஸ்கட் பொடி போட்டு அதை வளர்த்தாள். கொசுத்தாய் என்று பெயர் வைத்தவன் நான்தான். டைப்பிஸ்டுக்கு வேறென்ன வேலை? அதில் அவளுக்குக் கோபமில்லை. பதினோரு வருடமாகத் தற்காலிக ஊழியராகவே வைத்திருக்கிறார்களே என்பதில்தான் கோபம்.

அவள் வளர்க்கும் கொசுப்புழுக்களின் மேல்தான் செடி எண்ணெய்களைச் சோதிப்பார்கள். அந்த மாதம் எலுமிச்சைப்புல் எண்ணெய். கிண்ணத்துக்கு இருபத்தைந்து புழு. ஒரு கிண்ணத்தில் மட்டும் எண்ணெய் விடமாட்டார்கள். அதிலுள்ளவை பிழைத்திருந்தால்தான், மற்றவற்றைக் கொன்றது எண்ணெய் என்று சொல்ல முடியும். தொடர்ந்து மூன்று சோதனைகளில் அந்தக் கிண்ணமும் கூண்டோடு காலி.

ஆய்வாளருக்கு ஏற்கெனவே பல்வலி. கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. தாம்தூமென்று குதித்தார். இவள் ஒழுங்காகத் தீனி போடுவதில்லை, மாதக் கடைசியில் வேலையை விட்டு நிறுத்திவிடலாம் என்று இயக்குநருக்கு ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. போய் அவளிடம் போட்டு உடைத்துவிட்டேன்.

அழுவாள் என்று பார்த்தால், அவள் யோசித்தாள்.

"என் பிள்ளைங்க பட்டினியில சாகலண்ணே. அந்தக் கடிதத்த ரெண்டு நாள் இழுத்தடிங்க, போதும்."

பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டதாகக் கூசாமல் பொய் சொன்னேன்.

மறுநாள் எண்ணெய் விடாத கிண்ணங்கள் இரண்டு வைத்தாள். தண்ணீரின் சூட்டை விரல் விட்டுப் பார்ப்பது ஆய்வாளரின் பழக்கம். எண்ணெய் விட்டதில் தொடமாட்டார், சோதனை கெட்டுவிடுமாம்.

"ஐயா, இடது பக்கம் இருக்கறத மட்டும் தொட்டுப் பாருங்க" என்றாள் பவ்யமாக. அவர் கடைவாயில் வைத்திருந்த கிராம்பு எண்ணெய்ப் பஞ்சை நன்றாக அழுத்திவிட்டு, சொட்டச் சொட்ட அதே விரலை உள்ளே விட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, இருமினேன்.

அடுத்த நாள் காலை வலது கிண்ணத்தில் இருபத்தைந்தும் துள்ளிக்கொண்டிருந்தன. இடதில் ஒன்றுகூட அசையவில்லை. அவர் வெகுநேரம் தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "அந்தக் கடிதம் வேண்டாம்" என்றார்.

அவள் பதிவேட்டை எடுத்து முத்து முத்தாக எழுதினாள். எலுமிச்சைப்புல் எண்ணெய்: பத்தொன்பது சாவு. ஐயாவின் விரல்: இருபத்தைந்து.

ஒவ்வொரு பக்கத்திலும் ஆய்வாளர் கையெழுத்து வேண்டும். பேனாவை அவளே திறந்து கொடுத்தாள். போட்டார்.